குடத்தோடு ஒட்டிய சக்கரம்

ஓடும் வண்டியின் சக்கரம் கழன்றுவிடுமோ என்று அஞ்சாதவர் இலர். கழற்ற வேண்டிய சக்கரம் கழலாதிருப்பின் யாது செய்வது என்று எண்ணிப் பார்த்தவரோ மிகச் சிலர். சென்ற கார்த்திகைத் திங்கள் வரையில் யாமும் அச்சிலருள் ஒருவராய் இருந்திலேம்.

வேதாரணியத்தில் எம் பழைய மாணவர் ஒருவரது திருமணத்திற்குச் சென்று, மாணவர் மூவருடன் காரில் தஞ்சைக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். திருத்துறைப்பூண்டியைக் கடந்து மன்னார்குடியை நோக்கி வரும்பொழுது, விளக்கு வைக்கும் வேளையில், இடப்புறப் பின்சக்கரம் காற்றிழந்தது. ஒருபுறம் வாய்க்கால், மறுபுறம் நீர் நிறைந்த நடவு வயல், இடையே மழையில் ஊறிய சாலையோரம். மாணவர்கள் உற்சாகத்துடன் ஜாக்கியை வைத்து வண்டியைத் தூக்கினர். நான்கு நட்டுகளையும் கழற்றினர். சக்கரம் வரவில்லை. இருவர் பற்றி இழுத்தனர், வரவில்லை. ஒருவர் காலால் உதைத்தார். கார் குலுங்கியதேயன்றிச் சக்கரம் அசையவில்லை. உட்புறமிருந்து அடித்தால் வந்துவிடும் என்று சொல்லி, ஒரு மாணவர் கையில் ஜாக்கிக் கம்பியுடன் வண்டியின் அடியிற் படுத்தார். அவரைத் தடுக்க எமக்கு அப்பொழுது தோன்றவில்லை என்பதை வெட்கத்துடன் எழுதுகின்றோம்.

அவ்வழியே சைக்கிளில் வந்த முதியவர் ஒருவர் இறங்கி, "தம்பி, முதலில் வெளியே வா, மற்றதைப் பிறகு பார்ப்போம்" என்றார். குரலில் இருந்த உறுதியால் மாணவர் உடனே வெளியே வந்தார். வெளியே நின்றவர், பெரியவர் சொன்னது தமக்கன்று எனக் கருதினார்போலும், மேலும் ஓர் உதை உதைத்தார். சேற்றில் நின்ற ஜாக்கி சாய்ந்தது. கார் பொத்தென்று விழுந்தது. மாணவர் மார்பு இருந்த இடத்தில் வண்டியின் அடிப்பாகத்திற்கும் தரைக்கும் இடையே ஒரு சாண்கூட இல்லை. நெடுநேரம் எங்களில் ஒருவரும் பேசவில்லை.

அம்முதியவர் இளமையில் மாட்டுவண்டிச் சக்கரம் செய்த தச்சர். பின்னர் டிராக்டர் ஓட்டியவர். அவர் எங்களைக் கடியவில்லை. "ஐயா, தூக்கி வைத்துக்கொண்டு சக்கரத்தோடு சண்டை போடக் கூடாது. கீழே இறக்கிவிட்டால் வண்டியின் பாரமே அதைக் கழற்றித் தரும்" என்றார். நட்டுகளை மீண்டும் பூட்டி, முழுவதும் இறுக்காமல் இரண்டு சுற்றுத் தளர்வாய் விடச் செய்தார். பின்பு வண்டியை மெல்ல ஒரு முழம் முன்னும் ஒரு முழம் பின்னுமாக நகர்த்தச் சொன்னார். மூன்றாம் முறையில் 'டக்' என்றோர் ஒலி எழுந்தது. அவ்வளவே. நட்டுகளை இறுக்கி, ஜாக்கியின்கீழ் அகன்ற பலகை ஒன்றை இட்டு, ஏனைய சக்கரங்களுக்குக் கல்லை முட்டுக்கொடுத்து, வண்டியைத் தூக்கி, ஸ்டெப்னியை வண்டியின் பக்கவாட்டின் அடியிற் கிடத்தி வைத்த பின்னரே நட்டுகளைக் கழற்றவிட்டார். ஜாக்கி மறுபடியும் சாயினும் கார் ஸ்டெப்னியின்மேல் தங்குமேயன்றி ஆளின்மேல் விழாது. சக்கரம் விரலால் தொட்டவுடன் கையோடு வந்தது.

இதன் காரணம் யாது? வண்டிச் சக்கரத்தின் நடுவே ஆரக்கால்கள் வந்து செருகும் கட்டையைக் குடம் என்பர் நம் தச்சர். மோட்டார்ப் பட்டறையார் ஹப் என்பதும் அவ்விடத்தில் நிற்பதே. மோட்டார் வண்டியின் குடத்து முகத்தில் உதடு போன்ற சிறு வளையம் ஒன்று நீண்டிருக்கும். சக்கரத்தின் நடுத்துளை அதன்மேற் பொருந்தும். இரண்டிற்கும் இடைப்பட்ட வெளி ஒரு மில்லிமீட்டரிற் சிறு கூறே. நீர் அதனுள் எளிதிற் புகும், எளிதில் வெளியேறாது. இரும்பு துருவாகும்பொழுது தான் முன் கொண்டிருந்த இடத்தினும் இருமடங்கிற்கு மேல் இடம் கொள்ளும். வெளிப்புறத்துத் துரு உதிர்ந்துபோம். இடுக்கிலே தோன்றும் துருவிற்கு உதிர இடமில்லை. ஆகவே அஃது ஆப்புப் போல் இருபுறமும் நெருக்குகின்றது.

எமது காரின் சக்கரமோ இரும்பன்று. அலாய் வீல் எனப்படும் அலுமினியக் கலவை. அலுமினியம் துருப்பிடிக்காதே என்பர் சிலர். செந்துரு பிடிக்காது என்பது மெய். ஆயின் 1800-ஆம் ஆண்டில் வோல்டா என்னும் இத்தாலிய அறிஞர் இருவேறு உலோகத் தகடுகளை உப்புநீரில் நனைந்த அட்டைகளுக்கு இடையே மாறி மாறி அடுக்கி மின்னோட்டம் கண்டதை நம் விஞ்ஞான மாணவர் அறிவர். அலுமினியச் சக்கரமும், எஃகுக் குடமும், இடையே உப்பு நீருமாக நிற்பது அத்தகைய ஒரு மின்கலமே. அதில் விளக்கெரிப்பார் இலர். அலுமினியம் மட்டும் சிறிது சிறிதாய்க் கரைந்து வெண்பொடியாகி இடுக்கை அடைத்துக்கொள்ளும். எமது சக்கரத்தின் துளையில் யாம் கண்டது இவ்வெண்பொடியே.

காவிரிப் படுகையில் இந்நோய்க்கு வேண்டிய யாவும் உள. ஐப்பசி கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை. மழை ஓய்ந்த பின்னும் ஈரத்தை விடாது பற்றிக்கொள்ளும் வண்டற்சேறு. நாகப்பட்டினம் முதல் கோடியக்கரை வரையில் உப்புக் காற்று. வேதாரணியம் உப்பளங்களின் ஊர். 1930-இல் இராஜாஜி தொண்டர்களுடன் திருச்சியிலிருந்து நடந்து சென்று உப்பெடுத்த இடம். இவற்றோடு எமது மடியும் சேர்ந்தது. அக்காரின் சக்கரம் மூன்றாண்டாகக் கழற்றப்படவே இல்லை.

மாட்டுவண்டிக்காரர் இப்பிழையைச் செய்யார். அவர் அடிக்கடி கடையாணியைப் பிடுங்கி, சக்கரத்தை இழுத்து, அச்சிற்கு மசகிட்டு மீண்டும் பூட்டுவார். இன்னும் பழங்காலத்தில் உப்பு வணிகராகிய உமணர் தம் சகடத்தின் அடியில் சேம அச்சு ஒன்றைக் கட்டிச் சென்றனர் என்பதை ஔவையார் பாடிய புறநானூற்று 102-ஆம் பாட்டால் அறிகின்றோம். நம் ஸ்டெப்னிக்கு அதுவே முன்னோர் எனலாம். ஸ்டெப்னி என்னும் பெயரோ, 1904-ஆம் ஆண்டில் சேமச் சக்கரம் செய்து விற்கத் தொடங்கிய வேல்ஸ் நாட்டு லனெல்லி நகரத்துத் தெரு ஒன்றின் பெயர். அத்தெருவை அறியாத நம் நாட்டில் அப்பெயர் இன்றும் வழங்குகின்றது.

பாரத்தால் அசைத்தும் வாராத சக்கரம் உண்டு. அதற்கு நடுத்துளையைச் சுற்றித் துருவிளக்கும் எண்ணெயைச் சிறிது தெளித்து ஓரிரவு விடுதல் வேண்டும். பிரேக்கின்மேல் ஒரு துளியும் படலாகாது. பின்பு டயரின்மேல் மரக்கட்டையை வைத்து, ஒருபுறம் ஓர் அடி, எதிர்ப்புறம் ஓர் அடி என மாற்றி மாற்றித் தட்டலாம். இரும்புச் சுத்தியால் அலாய் சக்கரத்தை அடிப்பின் விரிசல் விடும். விரிசல் அன்று தெரியாது, ஓட்டத்திலே தெரியும்.

சூடேற்றலாமா என்று மாணவர் ஒருவர் வினவினார். கேள்வி நன்று. கொல்லர் வண்டிச் சக்கரத்திற்குப் பட்டை மாட்டுவது சூட்டினாலன்றோ? 1.2 மீட்டர் குறுக்களவுள்ள இரும்பு வளையத்தை 500 பாகை சூடேற்றின் அதன் குறுக்களவு ஏழு மில்லிமீட்டர் அளவு பெருகும். மரத்தின்மேல் மாட்டி நீர் ஊற்ற, சுருங்கிக் கவ்வும். தஞ்சைப் பீரங்கி மேட்டில் கிடக்கும் ஏழு மீட்டருக்கு மேல் நீண்ட பதினேழாம் நூற்றாண்டுப் பீரங்கியும், நீள இரும்புப் பட்டைகளைச் சுற்றி வளையங்களைப் பற்றவைத்து நம் கொல்லர் சமைத்ததே. அலுமினியம் இரும்பினும் ஏறக்குறைய இருமடங்கு விரியுமாதலின், குளிர்ந்து நிற்கும் வண்டியில் அலாய் சக்கரத்தின் நடுவே கொதிநீர் ஊற்றுவதாற் சிறிது பயன் உண்டு. தீச்சுவாலையை மட்டும் அணுகவிடலாகாது. டயரினுள் அடைபட்ட காற்றும் ரப்பரும் சூடேறி வெடிப்பின் அருகில் நிற்பவர் உயிருக்கே முடிவு.

கழன்ற சக்கரத்தை அப்படியே மீண்டும் பூட்டுதல் வீண். குடத்து உதட்டையும் சக்கரத் துளையையும் கம்பித் தூரிகையால் தேய்த்து, உதட்டில் மட்டும் ஒட்டுத்தடுக்கும் பசையை மிக மெல்லியதாய்ப் பூசவேண்டும். நட்டுக்குரிய மரைகளிற் பூசலாகாது. வழுக்கினால் இறுக்கம் அளவிற்கு மிஞ்சும். எதிரெதிர் நட்டுகளாக மாற்றி இறுக்கி, கைப்புத்தகம் கூறும் அளவோடு நிறுத்தி, ஐம்பது கிலோமீட்டர் ஓடிய பின் மறுமுறை சரிபார்க்க வேண்டும். ஆண்டிற்கு ஒருமுறையேனும் நான்கு சக்கரங்களையும் கழற்றிப் பூட்டின் இத்துணை உழைப்பும் வேண்டா.

முதியவர் கூலி பெற மறுத்து, தேநீர் மட்டும் அருந்திச் சென்றார். மறுநாள் எம் கல்லூரி வளாகத்தில், கல் பாவிய சமதரையில், எஞ்சிய மூன்று சக்கரங்களையும் சோதித்தோம். இரண்டு உடனே வந்தன. வலப்புற முன்சக்கரம் மூன்று நாள் எண்ணெயில் ஊறிய பின்னரே வந்தது. அன்று வண்டியின் அடியிற் படுத்த மாணவரே அதனைக் கழற்றினார். ஸ்டெப்னியை அடியிற் கிடத்தும்படி அவருக்கு ஒருவரும் சொல்லவில்லை.