காய்ச்சல் வளர்க்கும் காய்ச்சல்



தம்பி, "சளி பிடித்ததும் காய்ச்சல் கிளம்புகிறது என்றால் அது தொற்றுநோய்தானே, வைரஸை ஒழித்தால் போயிற்று" என்று போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போனாய். இதே நினைப்பில்தான் தன்னழற்சி நோயுள்ள, அதாவது கிருமியின்றி உடலே அழற்சியைக் கிளப்பும் நோயுள்ள குழந்தைக்கு மாதாமாதம் ஆன்டிபயாடிக் எழுதுகிறார்கள். மூன்று முதல் ஏழு நாளில் தானே இறங்கும் காய்ச்சல் இறங்குகிறது, பேர் மருந்துக்கு! எரிச்சலாக வருகிறது.

அப்படியொரு நோயான மெவலோனேட் கைனேஸ் குறைபாட்டை எடுத்துக்கொள். 1984-இல் நெதர்லாந்தில் வான் டெர் மீர் குழுவினர் ஆறு நோயாளிகளை வைத்து இதை முதலில் விவரித்தார்கள். இரத்தத்தில் ஐஜி-டி என்ற எதிர்ப்பொருள் ஏறியிருந்ததால் பழி அதன்மேல் விழுந்தது. அந்தக் கட்டுரையை இன்றும் எடுத்துப் படிப்பேன். காரணம் பிடிபடாதபோதும் நோயாளியை எவ்வளவு கூர்ந்து பார்த்திருக்கிறார்கள்! எம்விகே மரபணுவில்தான் கோளாறு என்பது 1999-இல் தெரிந்தது. அந்த மரபணு தரும் மெவலோனேட் கைனேஸ், கொலஸ்ட்ரால் உருவாகும் பாதையில் ஸ்டாட்டின் மாத்திரை தடுக்கும் படிக்கு அடுத்த படியில் வேலை செய்யும் நொதி.

கொலஸ்ட்ராலை விடு. அதே பாதையில் பிரியும் கிளை ஒன்று கொழுப்பு வால்களைச் செய்கிறது. ரோ-ஏ என்ற புரதம் அந்த வாலைக் கொக்கிபோல மாட்டித்தான் செல்சவ்வில் நிற்கும். நின்றால்தான் அழற்சியைக் கிளப்பும் பைரின் என்ற புரதம் அடங்கியிருக்கும். நொதி சோர்ந்து வால் தட்டுப்பாடானால் பைரின் கட்டவிழ்ந்து கேஸ்பேஸ்-1 என்ற நொதியை எழுப்ப, காய்ச்சலை ஏற்றும் இன்டர்லூக்கின்-1 பீட்டா கொட்டும்.

இதில் வைரஸுக்கு என்ன வேலை? 2002-இல் ஹௌட்டன் குழு நோயாளிகளின் செல்களை வெவ்வேறு வெப்பநிலைகளில் வளர்த்துப் பார்த்தது. 37 டிகிரியிலேயே தள்ளாடும் அந்த நொதி 39-இல் இன்னும் சோர்ந்தது. ஆக, சளிக்காய்ச்சல் நொதியை முடக்குகிறது. முடங்கிய நொதி காய்ச்சலை ஏற்றுகிறது. கழுத்தில் நெறிகட்டி, வயிறு வலித்து, வாந்தியெடுத்துப் பிள்ளை துவள்வது இதனால்தான் என்பது என் கட்சி. வைரஸைக் கண்டதும் செல் சுரக்கும் சைட்டோகைன் என்ற அழற்சிச் சமிக்ஞைகளே போதும், சூடு எதற்கு என்று சக ஆசிரியர்கள் மல்லுக்கு நிற்பார்கள். நிற்கட்டும்.

உன் வாதத்துக்குத்தான் இடமில்லை. பல குழந்தைகளுக்குத் தடுப்பூசிக்குப் பிறகும் இதே தாக்கு வருகிறது. பெருகும் கிருமியே இல்லாத ஊசிகூடப் போதும். உடனே ஊசியே வேண்டாம் என்று கிளம்பிவிடாதே. போட்டுவிட்டுக் கவனித்துக்கொள்ள வேண்டியதுதான். இன்டர்லூக்கின்-1 பீட்டாவை மடக்கும் கானகினுமாபுக்கு அமெரிக்காவில் 2016-இல் இந்த நோய்க்கு அனுமதி கிடைத்தது. அது எந்த வைரஸையும் தொடுவதில்லை.

அடுத்த முறை வருமுன் ஃபெங் ஷாவோ குழுவின் 2014 பைரின் கட்டுரையைப் படித்துவிட்டு வா. சுருக்கத்தை மட்டும் மேய்ந்துவிட்டு வந்தால் முதல் கேள்வியிலேயே தெரிந்துவிடும்.