மாஸ்டரும் ஸ்லேவும்: ஒரே கேபிளில் இரண்டு ஹார்ட் டிஸ்க்

பழைய கணினிகளில் ஹார்ட் டிஸ்க்கை மதர்போர்டுடன் இணைப்பது ஐ.டி.இ. எனப்படும் பட்டையான கேபிள். 1986இல் வெஸ்டர்ன் டிஜிட்டல், காம்பாக், கன்ட்ரோல் டேட்டா நிறுவனங்களின் கூட்டு முயற்சியில் உருவான இந்த முறை, 1994இல் ஏ.டி.ஏ. என்ற பெயரில் அமெரிக்கத் தரமானது. ஒரு கேபிளில் இரண்டு சாதனங்கள் வரை மாட்டலாம். ஒன்றுக்கு மாஸ்டர் என்று பெயர், மற்றதற்கு ஸ்லேவ். இதைச் சுற்றி வளர்ந்த தவறான நம்பிக்கைகளில் பாதி இந்தப் பெயர்களிலிருந்தே முளைத்தவை.

மாஸ்டர் ஆணையிடும், ஸ்லேவ் பணிந்து நடக்கும் என்பது அவற்றுள் முதலாவது. துரைக்குக் கீழே கிராணி என்ற எழுத்தர், கிராணிக்குக் கீழே மண்டோர் என்ற கண்காணி என்று அடுக்கி வைத்த வரிசையைத் தலைமுறைகளாகப் பார்த்த கேமரன் மலைத் தேயிலைத் தோட்டத்தாருக்கு இது இயல்பாகவே தோன்றும். ஆனால் கேபிளுக்குள் அப்படி ஒரு வரிசை இல்லை. ஒவ்வொரு டிஸ்க்கும் தனக்கான கட்டுப்பாட்டுச் சுற்றைத் தன் முதுகிலேயே சுமக்கிறது. மதர்போர்டு அனுப்பும் கட்டளை இரண்டின் வாசலுக்கும் போகிறது. கூடவே போகும் ஒரே ஒரு பிட் 0 என்றால் மாஸ்டர் வேலை செய்யும், 1 என்றால் ஸ்லேவ். லயத்து வீடுகளின் கதவு எண் போன்றதுதான் இது. தர ஆவணமே இவற்றைச் சாதனம் 0, சாதனம் 1 என்றுதான் குறிக்கிறது. கணினி விழிக்கும்போது நடக்கும் சோதனையில் மட்டும் 1இன் முடிவையும் 0 சேர்த்துச் சொல்லும். அதுவும் கிராணி வேலைதான், துரை வேலை அல்ல. 2003இல் லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டி நிர்வாகம், தனக்குக் கருவி விற்போர் மாஸ்டர், ஸ்லேவ் என்ற சொற்களைத் தவிர்க்குமாறு கேட்டுக்கொண்டது.

கேபிளின் கடைசி முனையில் மாட்டுவதே மாஸ்டர் என்பது பாதி உண்மை. டிஸ்க்கின் பின்புறம் உள்ள ஜம்பர் என்ற சிறு தொப்பியை ‘மாஸ்டர்’ அல்லது ‘ஸ்லேவ்’ இடத்தில் செருகிவிட்டால், எந்த முனையில் மாட்டினாலும் பெயர் மாறாது. ‘கேபிள் செலக்ட்’ இடத்தில் செருகினால்தான் முனை முக்கியமாகிறது. அப்போது 28ஆம் ஊசி தரையிணைப்போடு சேர்ந்திருப்பதைக் காணும் டிஸ்க் தன்னை மாஸ்டர் என்று கொள்ளும், காணாதது ஸ்லேவ். 80 கம்பி கேபிளில் நீல முனை மதர்போர்டுக்கு, நடுவிலுள்ள சாம்பல் நிறம் ஸ்லேவுக்கு, கடைசியிலுள்ள கறுப்பு மாஸ்டருக்கு. இரண்டு டிஸ்க்கையும் மாஸ்டராக வைத்தால் இரண்டுமே கண்ணுக்குத் தெரியாமல் போகலாம். வெஸ்டர்ன் டிஜிட்டல் டிஸ்க்குகளில் இன்னொரு சிக்கலும் உண்டு: தனியாக இருக்கும் டிஸ்க்குக்கு ஓர் அமைப்பு, ஸ்லேவோடு இருக்கும் மாஸ்டருக்கு வேறோர் அமைப்பு. அந்நிறுவனம் பெட்டாலிங் ஜெயாவில் பல ஆண்டுகள் தொழிற்சாலை நடத்தியதால், மலேசியத் தயாரிப்பு என்று அச்சிட்ட டிஸ்க்குகள் இந்நாட்டுப் பழைய கணினிகளில் அபூர்வம் அல்ல. ஜம்பரைத் தொடுமுன் மேலட்டையில் உள்ள படத்தைப் பார்ப்பது நல்லது.

80 கம்பி கேபிளிலும் ஊசிகள் 40தான். கூடுதலான 40 கம்பிகளும் வெறும் தரையிணைப்பு. அடுத்தடுத்த சமிக்ஞைகள் ஒன்றில் ஒன்று கலவாமல் நடுவே நின்று தடுப்பதே அவற்றின் வேலை. அவை இல்லாத பழைய கேபிளில் வேகம் விநாடிக்கு 33 மெகாபைட்டைத் தாண்டாது. கேபிளின் நீளமும் 46 செ.மீ.க்கு மேல் போகக் கூடாது. ஒரே டிஸ்க் என்றால் அதைக் கடைசி முனையில் மாட்ட வேண்டும். வெறுமனே தொங்கும் முனை சமிக்ஞையை எதிரொலித்துக் குழப்பும்.

மெதுவான சாதனத்தோடு சேர்ந்தால் வேகமானதும் மந்தமாகிவிடும் என்ற பேச்சு 1990களின் தொடக்கத்தில் பொருந்தியது. அப்போதைய கட்டுப்பாட்டுச் சுற்றுகளுக்கு இரண்டுக்கும் ஒரே கால அளவுதான். பின்னர் வந்தவை ஒவ்வொன்றையும் அதனதன் வேகத்தில் இயக்கின. இழப்பு வேறிடத்தில் இருக்கிறது: ஒரு நேரத்தில் ஒரு சாதனம் மட்டுமே கேபிளைப் பயன்படுத்த முடியும். எனவே ஒரே கேபிளில் உள்ள இரண்டு டிஸ்க்குகளுக்கு இடையே கோப்பை நகலெடுத்தால், இரண்டும் மாறி மாறிக் காத்திருக்கும். மதர்போர்டில் இரண்டாவது ஐ.டி.இ. சாக்கெட் இருந்தால் ஆளுக்கொரு கேபிள் கொடுப்பதே மேல்.

ஸ்லேவிலிருந்து விண்டோஸ் தொடங்காது என்பதும், கணினியைத் தொடக்கிவைக்கும் பயாஸ் மென்பொருளின் சில பழைய வகைகளுக்கு மட்டுமே பொருந்தும். சாட்டா என்ற புதிய இணைப்பு முறை வந்தபின் ஒரு கேபிளுக்கு ஒரு டிஸ்க் என்றாகி, இந்தக் கேள்விகளே மறைந்தன.

கேபிளோடு தொடர்பில்லாத இன்னொரு நம்பிக்கை: மலையுச்சியில் ஹார்ட் டிஸ்க் தாங்காது என்றும் சொல்வதுண்டு. இது முழுக் கற்பனை அல்ல: சுழலும் தட்டின்மேல் படிப்பான் மெல்லிய காற்றுப் படுகையில்தான் மிதக்கிறது. ஆனால் பெரும்பாலான டிஸ்க்குகளுக்கு உற்பத்தியாளர் தரும் உயர வரம்பு சுமார் 3,000 மீட்டர். கேமரன் மலையிலுள்ள தானா ராத்தா ஏறத்தாழ 1,440 மீட்டர். பிரிஞ்சாங் மலையுச்சியே 2,000 மீட்டரைச் சற்றுத்தான் தாண்டும். ஈரம்தான் உண்மையான எதிரி. அதுவும் மேலே ஏற்றும்போது அல்ல, கீழே இறக்கும்போது. மலைக்குளிரில் இருந்த டிஸ்க்கை அடிவாரத்திலுள்ள தாப்பாவின் வெக்கையில் அப்படியே உறையிலிருந்து எடுத்தால் அதன்மேல் நீர்த்துளி படியும். உறையைப் பிரிக்காமல் சில மணி நேரம் வைத்து, வெளிச்சூட்டுக்கு வந்தபின் மின்சாரம் கொடுத்தால் போதும்.