இணையத்தில் நம் கடையும் வாடிக்கைக்காரரும்

கடை வாசலில் நாம் மாட்டும் பெயர்ப் பலகை ஜனங்களிடம் பேசும். அவர்கள் அதனிடம் பேச முடியாது. 1991-ல் டிம் பெர்னர்ஸ்-லீ உலகுக்குத் திறந்துவிட்ட இணையப் பக்கங்களும் தொடக்கத்தில் பெரும்பாலும் இத்தகையனவே. முதலாளி எழுதுவார், வாடிக்கைக்காரர் வாசிப்பார்.

பின்னர் நிலைமை மாறிற்று. 1995-ல் தொடங்கிய அமேசான் புத்தகக் கடை, வாசகர் அபிப்பிராயத்தையும் தன் பக்கத்தில் ஏற்றது. 2001-ல் விக்கிப்பீடியாவும், 2003-ல் அதன் தமிழ்ப் பதிப்பும் தோன்றின. வாசிப்பவரே எழுதவும் திருத்தவும் வழி பிறந்தது. 2004-ல் அமெரிக்காவில் கூடிய ஒரு மாநாட்டின் மூலம் இம்மாற்றத்துக்கு ‘வெப் 2.0’ என்ற பெயர் பரவிற்று.

இது நமக்கு முற்றிலும் புதிதன்று. பேராக்கின் ரப்பர்த் தோட்டங்களில் ஈப்போக் கடைகளின் பெயரை வளர்த்ததும் கெடுத்ததும் லயத்துப் பேச்சே. அத்தோட்டங்கள் பல இன்று செம்பனையாகவும் குடியிருப்பாகவும் மாறிவிட்டன. அந்தப் பேச்சோ கைப்பேசியில், கூகுள் வரைபடத்தில், நம் கடைப் பெயரின் கீழேயே நடக்கிறது. அன்று அது நம் காதுக்கு எட்டியதில்லை. இன்று கேட்கலாம், பதிலும் சொல்லலாம்.

ஆகவே, வாரம் ஒரு முறையேனும் அவற்றை வாசிப்போம். எடை குறைந்தது என்று ஒருவர் எழுதினால், மறுக்குமுன் தராசைச் சோதிப்போம். தவறு நம்முடையதாயின், அங்கேயே ஒப்புக்கொண்டு ஈடு செய்வோம். வேறு பெயரில் ஒளிந்து நம் கடையை நாமே புகழ்ந்து எழுதுவது, தராசுத் தட்டில் விரல் வைப்பதற்குச் சமம். அதை மட்டும் செய்யாதிருப்போமாக.