சின்ன டிராக்டர் வாங்கியவனுக்குப் பெரியப்பா சொல்வது

கண்ணு, மிச்சமிருக்கிற அறுபது சென்டை நீயே உழப்போகிறாய் என்றும், பழைய மினி டிராக்டர் ஒன்று வாங்கிவிட்டாய் என்றும் உன் அம்மா சொன்னாள். ஒரகடத்தில் ரெனோ-நிசான் ஆலை திறந்த 2010 வரைக்கும் வல்லம், வடகால், மாத்தூர் பக்கமெல்லாம் வாடகைக்கு உழுதவன் நான். சொர்ணவாரி, சம்பா, நவரை என்று எல்லாப் பட்டத்திலும் தப்பு செய்திருக்கிறேன். அவற்றில் சிலவற்றை உனக்குத் தருகிறேன்.

1. கலப்பையை மாட்டும்போது முதலில் வண்டியின் இடது தூக்குக் கை, பிறகு வலது கை, கடைசியில் மேலே உள்ள டாப் லிங்க். சீட்டில் உட்கார்ந்தால் எது இடதோ அதுதான் இடது. இடது கை பெரும்பாலும் ஒரே நீளத்தில் நிற்கும். வலது கையைக் கைப்பிடி சுற்றி ஏற்றலாம், இறக்கலாம். வளையாதவனை முதலில் உட்கார வை, வளைகிறவனைப் பிறகு சரிசெய்து கொள்ளலாம். (கல்யாணப் பேச்சுக்கும் இது பொருந்தும்.) ஒருநாள் வண்டியை நேராகப் பின்னால் எடுக்கச் சோம்பல்பட்டு, கலப்பையைக் கடப்பாரையால் நெம்பினேன். என் மோதிரவிரல் நகம் இன்னும் கோணலாகத்தான் வளர்கிறது. நாலு தரம் பின்னால் எடுத்தாலும் பரவாயில்லை, நேராக எடு.

2. மாட்டும்போது என்ஜினை அணைத்து, சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொள். வண்டிக்கும் கலப்பைக்கும் நடுவில் யாரும் நிற்கக் கூடாது. சின்ன வண்டிதானே என்று சொல்லாதே.

3. நீ வேலை செய்கிற ஆலையில் ஒரு போல்ட் விட்டுப்போனால் லைன் நின்றுவிடும். வயலில் எதுவும் நிற்காது, அதுதான் ஆபத்து. கலப்பை கழலாமல் தடுக்கும் லாக் பின் ஒருநாள் தொலைந்துபோக, அதற்குப் பதில் நான் ஆணியை வளைத்து மாட்டினேன். தார் ரோட்டில், பின்னால் லாரி வரும்போது, கலப்பை ஒரு பக்கம் தொங்கிவிட்டது. லாரிக்காரர் பிரேக் போட்டதால்தான் உனக்கு இதை எழுதுகிறேன்.

4. இருபது அடி உழுதுவிட்டு இறங்கிப் பார். இதை நான் கற்றுக்கொள்ளப் பல வருஷம் ஆனது. அஞ்சு கொத்தும் ஒரே ஆழத்தில் போகிறதா? ஒரு பக்கம் சாய்ந்தால் வலது கையைச் சுற்று. முன்கொத்து ஆழமாகவும் பின்கொத்து மேலாகவும் போனால் டாப் லிங்க்கைக் கொஞ்சம் நீட்டு, மூக்கு நிமிரும். மண்ணில் இறங்காமல் சறுக்கினால் குறுக்கு. ஒரு சுற்று, மறுபடி இருபது அடி, மறுபடி இறங்கு. வளைபலகைக் கலப்பை மாட்டினால் இரண்டாம் சாலில் வலது சக்கரம் சாலுக்குள் இறங்கும், வண்டி சாயும். அப்போது திரும்பவும் மட்டம் பார்க்க வேண்டும். வீட்டு வாசலில் பார்த்த மட்டம் வயலுக்கு உதவாது.

சீட்டிலிருந்தே திரும்பிப் பார்த்து எல்லாம் சரி என்று ஓட்டிக்கொண்டிருந்தேன் ஒரு காலத்தில். ஒரு வயலில் நிலத்துக்காரப் பாட்டி செருப்பில்லாமல் என் பின்னாலேயே நடந்து வந்தாள். “இந்தப் பக்கம் கால் புதையுது, அந்தப் பக்கம் புதையலையே, நைனா” என்றாள். எனக்கு ரோஷம் வந்தது. இறங்கி அளந்தேன். ஒரு சாண் கிழித்த இடத்துக்குப் பக்கத்திலேயே நாலு விரல்கூடக் கிழிபடவில்லை. அன்று முழு வயலையும் மறுபடி உழுதேன், டீசல் என் செலவு. அதன்பின் நானும் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் பார்ப்பேன்.

5. அகல உழுவதை விட ஆழ உழு என்பார்கள். மாட்டு ஏருக்குச் சொன்னது அது. சின்ன வண்டியில் ஆழத்துக்கு ஆசைப்பட்டால் பின்சக்கரம் சுற்றி வழுக்கும், முன்சக்கரம் லேசாகும். ஒரு பலம் புழுதி கால் பலமாகக் காயவேண்டும் என்றுதான் வள்ளுவரும் சொன்னார், எத்தனை அங்குலம் என்று சொல்லவில்லை. ஈரமாக இருக்கும்போது இறங்காதே. ஒரு பிடி மண்ணை உருட்டிக் கீழே போடு. உதிர்ந்தால் உழு, உருண்டையாகவே கிடந்தால் வீட்டுக்குப் போய்த் தூங்கு.

6. செம்பியத்தில் செய்த டிராக்டர்களின் முகப்பில் ஃபெர்குசன் என்ற பெயரைப் பார்த்திருப்பாய். ஹாரி ஃபெர்குசன் முதல் உலகப் போர் நேரத்தில் அயர்லாந்தில் டிராக்டர்களைக் கவனிக்கும் வேலையில் இருந்தவர். அப்போதெல்லாம் பின்னால் இழுத்துவந்த கலப்பை எதிலாவது மாட்டிக்கொண்டால் வண்டி குதிரை மாதிரி எழும்பி ஓட்டுநர் மேலேயே விழும். அவர் கொண்டுவந்த மூன்று புள்ளி இணைப்பில், கலப்பை முட்டும்போது டாப் லிங்க் முன்பக்கத்தை அழுத்திப் பிடிக்கிறது. சங்கிலியோ அங்கிருந்து பின்னால் இழுத்து முன்பக்கத்தைத் தூக்கிவிடும். அதனால், சேற்றில் சிக்கிய கார்க்காரர் எவ்வளவு கெஞ்சினாலும் அந்த டாப் லிங்க் மாட்டுகிற இடத்தில் சங்கிலி கட்டாதே. கீழே இருக்கிற இழுவைக் கொக்கியில் மட்டும் கட்டு. உதவி செய்யப் போய் ஒருமுறை என் முன்சக்கரம் மேலே எழும்பியது. கிளட்சை மிதித்தேன், அவ்வளவுதான் ஞாபகம்.

7. நைட் ஷிஃப்ட் முடித்த கண்ணோடு ஏறாதே. சூப்பர்வைசர் மேல் உள்ள கோபத்தோடும் ஏறாதே. வேலை முடிந்ததும் கலப்பையைத் தரையில் இறக்கி வை. தூக்கி நிறுத்திய கலப்பைக்குக் கீழே குழந்தைதான் முதலில் போய் உட்காரும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வருகிறேன். அதுவரை மாட்டிவிடாதே. வரும்போது நாலு லாக் பின் வாங்கி வருகிறேன், இரண்டு மாட்டுவதற்கு, இரண்டு நீ தொலைப்பதற்கு.