பாபின் தீரும் நேரம்

ஷூ கம்பெனித் தையல் லைனில் பாபின் நூல் தீர்ந்தால் மெஷின் நின்றாக வேண்டும். சூப்பர்வைசர் பக்கத்திலேயே நின்றாலும் அதற்காக யாரையும் கடிந்துகொள்ள முடியாது. பழையதைக் கழற்றி, புதியதை மாட்டி, நூலை இழுத்துவிடும் அந்தச் சில நொடிகள் ஒரு ஷிப்டில் பல தடவை வரும். ஆற்காடு, ராணிப்பேட்டை, மேல்விஷாரம், ஆம்பூர், வாணியம்பாடி என்று பாலாற்றை ஒட்டி நீளும் தோல் தொழில் பகுதியில் வேலை பார்க்கிறவருக்குக் கிடைக்கும் அமைதி பெரும்பாலும் இந்த அளவில்தான் இருக்கிறது. விடிவதற்கு முன் எழுந்து சமைத்து, பிள்ளையைக் கிளப்பி, கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறவரிடம் ‘காலையில் இருபது நிமிடம் தியானம் செய்யுங்கள்’ என்றால் சிரித்துவிட்டுப் போவார். ஆகவே புது நேரம் தேட வேண்டாம். இருக்கிற இடைவெளிகளை என்ன செய்யலாம் என்று பார்ப்போம்.

பாபினிலேயே தொடங்குங்கள். மாற்றும்போது முதலில் தோளை இறக்குங்கள். குனிந்து தைக்கும்போது அது காது வரை ஏறியிருப்பது நமக்கே தெரியாது. பிறகு மூக்கால் ஒரு மூச்சு இழுத்து, அதற்கு மேலேயே இன்னும் கொஞ்சம் இழுத்து, வாயால் நீளமாக விடுங்கள். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2023-இல் வெளியிட்ட சோதனையில், தினம் 5 நிமிடம் வீதம் ஒரு மாதம் இப்படி மூச்சு விட்டவர்களின் மனநிலை, அதே அளவு நேரம் தியானம் செய்தவர்களைவிட நன்றாகத் தேறியிருந்தது. லைனில் யாருக்கும் சேர்ந்தாற்போல் 5 நிமிடம் கிடைக்காது. இரண்டு மூச்சு கிடைக்கும். அது போதும், தொடங்குவதற்கு.

ஆனால் எங்கே மூச்சு விடுகிறோம் என்பதைப் பாருங்கள். சொல்யூஷன் பசை பூசும் மேஜைக்குப் பக்கத்தில் ஆழமாக மூச்சிழுப்பது வேண்டாத வேலை. நெடியைத்தான் உள்ளே இழுப்பீர்கள். டேனரியில் கழிவுத் தொட்டிப் பக்கமும் அப்படியே. அங்கே வரும் வாயு உயிருக்கே ஆபத்தானது. அந்தப் பிரிவுகளில் இருப்பவர்கள் மூச்சுப் பயிற்சியை வெளிக்காற்று வரும் இடத்துக்குத் தள்ளி வையுங்கள்.

கண்ணுக்கும் ஓய்வு வேண்டும். கறுப்புத் தோலில் கறுப்பு நூல் ஓட்டுகிறவருக்கு இதை விளக்கத் தேவையில்லை. 20 நிமிடத்துக்கு ஒரு தடவை, 20 அடி தள்ளி இருக்கும் ஒன்றை 20 விநாடி பார்க்கச் சொல்கிறார்கள் கண் மருத்துவர்கள். ஷெட்டின் கடைசிக் கதவு, எதிர்ச் சுவர்க் கடிகாரம், எதுவானாலும் சரி. (கடிகாரத்தைப் பார்த்தால் சாயங்காலம் எப்போது வரும் என்ற நினைப்பு வரும். கதவே நல்லது.)

இனி, உண்மையிலேயே பெரிய இடைவெளிக்கு வருவோம்: சாப்பாட்டு நேரம். தொடர்ந்து 5 மணி நேரத்துக்கு மேல் யாரையும் வேலை வாங்கக் கூடாது, நடுவில் குறைந்தது அரை மணி நேரம் ஓய்வு தர வேண்டும் என்று 1948-இன் தொழிற்சாலைகள் சட்டம் தன் 55-ஆம் பிரிவில் எழுதிவைத்தது. நின்றே வேலை செய்கிறவர்கள் வாய்ப்புக் கிடைக்கும்போது உட்கார இருக்கை வேண்டும் என்றது 44-ஆம் பிரிவு. கடை ஊழியர்களுக்கு அந்த உட்காரும் உரிமை கிடைக்கத் தமிழ்நாட்டில் 2021 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. எனவே அந்த அரை மணியை யாரோ இரக்கப்பட்டுக் கொடுத்ததாக நினைத்துக் கூச்சப்பட வேண்டாம். டார்கெட் பாக்கி இருக்கிறதென்று பத்து நிமிடம் முன்பே மெஷினுக்கு ஓடுகிறவர்கள் உண்டு. ஒருநாள் ஓடலாம். பழக்கமானால் அதுவே உங்கள் புது டார்கெட் ஆகிவிடும்.

அரை மணியை இரண்டாகப் பிரியுங்கள். முதல் பாதி சாப்பாட்டுக்கு, கலகலவென்ற பேச்சோடு. அரட்டையும் ஓய்வுதான். அடுத்த பாதியில் போனைப் பையிலேயே விட்டுவிட்டு, மர நிழலோ படிக்கட்டோ எங்காவது சும்மா உட்காருங்கள். போனில் வீடியோ ஓடும்போது காலையிலிருந்து உழைத்த அதே கண்ணும் கழுத்தும்தான் மறுபடி உழைக்கின்றன. வேலூர்ப் பக்கத்து மே மாத வெயிலில் வெளியே உட்கார முடியாது. கேன்டீன் ஃபேனடியில் கண்ணை மூடிக்கொள்ளுங்கள்.

தண்ணீர் விஷயத்தில் பெண்கள் செய்வது கவலை தருகிறது. பாத்ரூம் போக அனுமதி கேட்க வேண்டுமே என்று தண்ணீரையே குறைத்துக்கொள்கிறார்கள். மத்தியான எரிச்சலுக்கும் தலைவலிக்கும் பாதிக் காரணம் அதுவாக இருக்கலாம். சிறுநீர்த் தொற்று வேறு. பக்கத்து மெஷின்காரரோடு ஒப்பந்தம் போட்டுக்கொள்ளுங்கள். “அக்கா, ரெண்டு நிமிஷம் பாத்துக்கோங்க” என்று நீங்கள் போய் வந்தால், அடுத்த மணியில் அவர் போகட்டும். அந்த நடையே ஒரு இடைவேளை.

திரும்பும் பஸ்ஸில் முக்கால்வாசிப் பேர் தூங்குகிறார்கள். தூங்குங்கள். தூக்கம் வராதவர்கள் ஊர் வரும்வரை ராத்திரிச் சமையலைத் திட்டமிடாமல் ஜன்னலைப் பார்த்து வரலாம். அடுப்பு உங்களுக்காகக் காத்திருக்கும், அது எங்கும் போகாது.

ஆம்பூரைச் சுற்றி வீட்டிலேயே உட்கார்ந்து ஷூவின் மேல்பாகமான அப்பரைக் கையால் தைக்கும் பெண்களின் நிலைமை இன்னும் சிக்கலானது. ஜோடிக் கணக்கில் கூலி. பெல்லும் இல்லை, சாப்பாட்டு மணியும் இல்லை. பாத்திரம் கழுவி முடித்ததும் ஊசி, ஊசியை வைத்ததும் பாத்திரம். இவர்கள் எண்ணிக்கையில் ஒரு எல்லை வைத்துக்கொள்ளலாம்: இத்தனை ஜோடி முடிந்ததும் எழுந்து விரல்களை விரித்து மடக்கி, வாசல் வரை போய் வருவது என்று. வேலையும் வீடும் ஒரே பாயில் நடக்கும்போது, எழுந்து நிற்பதுதான் பெல்.

நீங்களே சூப்பர்வைசர் என்றால் உங்கள் கையில் கொஞ்சம் அதிகாரம் இருக்கிறது. 10 நிமிடத்துக்கு மிகாத குறு இடைவேளைகளைப் பற்றிய 22 ஆய்வுகளைத் தொகுத்து 2022-இல் ‘பிளாஸ் ஒன்’ இதழில் ஒரு கட்டுரை வந்தது. களைப்புக் குறைகிறது, தெம்பு கூடுகிறது என்பது அதில் தெளிவு. வேலைத் திறன் எல்லா இடத்திலும் கூடுகிறது என்பதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. அதனால் மேனேஜரிடம் பேசும்போது ‘நூறு ஜோடி கூட வரும்’ என்று வாக்குக் கொடுத்து மாட்டிக்கொள்ளாதீர்கள். ஒரே ஒரு லைனில், மத்தியானம் மூன்று மணிக்கு மேல் 5 நிமிடம், இரண்டு வாரத்துக்கு மட்டும் என்று கேளுங்கள். அந்த இரண்டு வாரமும் செக்கிங்கில் திரும்பி வரும் ஜோடிகளை எழுதிவையுங்கள். எண் உங்களுக்குச் சாதகமாக வந்தால் காட்டலாம், வராவிட்டால் களைப்பைப் பற்றி மட்டும் பேசலாம். ஷிப்மென்ட் வாரத்தில் இந்தப் பேச்சையே எடுக்காதீர்கள். கன்டெய்னர் லாரி கேட்டைத் தாண்டிய மறுநாள் காலை, மேனேஜர் டீ குடித்து முடித்த பிறகு போங்கள்.