உடலுக்குள் உறங்கும் கிருமியும் எமது உழைப்பும்

தோட்டத்தில் கோரையைப் பிடுங்கி எறிந்ததும் நிலம் துப்புரவாகிவிட்டது என்று நினைக்கிறோம். மண்ணுக்குள் கிடக்கும் கிழங்கோ மழை கண்டதும் மறுபடி முளைக்கிறது. எமது உடலிலும் இவ்வாறு சில கிருமிகள் உறங்கிக் கிடக்கின்றன. பாரமான வேலை செய்யும்போது எமது நோயெதிர்ப்புச் சக்தியை இவை எவ்வாறு மாற்றுகின்றன என்பதை இப்பாடத்தில் பார்ப்போம்.

உறங்கும் கிருமி எது?

கொப்புளிப்பான் வந்து சுகமான பின்னும் அதன் வைரசு முற்றாக அழிவதில்லை. முதுகெலும்பை அண்டிய நரம்புக் கணுக்களில் பல்லாண்டுகள் அடங்கிக் கிடக்கும். அது விழித்தெழும்போது உடலின் ஒரு பக்கத்தில் மட்டும் பட்டிபோல எரிவும் கொப்புளங்களும் தோன்றும். இதுவே அக்கி. இங்கிலாந்தில் சிரென்செஸ்டர் என்ற சிறுபட்டினத்துக் குடும்ப வைத்தியர் எட்கார் ஹோப்-சிம்சன், தம்மிடம் வந்த நோயாளிகளைப் பல ஆண்டுகள் அவதானித்து, 1965இல் இவ்விளக்கத்தை வெளியிட்டார். வயது ஏற ஏற அக்கி கூடுவதையும் அவர் எடுத்துக்காட்டினார்.

சைற்றோமெகலோ வைரசு இன்னொன்று. உமிழ்நீர், தாய்ப்பால் போன்றவற்றால் சிறுவயதிலேயே தொற்றி, பெரும்பாலும் அறிகுறி எதுவுமின்றி ஆயுள் முழுவதும் உடலில் தங்கிவிடும். எமது நாடுகளில் வளர்ந்தோரில் மிகப் பெரும்பாலானோர் இதைச் சுமக்கின்றனர்.

உழைக்கும்போது நடப்பது என்ன?

மூச்சு வாங்க மண் வெட்டத் தொடங்கிய சில நிமிடங்களிலேயே குருதியில் வெண்கலங்கள் பெருகுகின்றன. ஊருக்கு ஆபத்து என்றதும் காவற்காரர் தெருவுக்கு வருவதுபோல இது நடக்கிறது. வேலை முடிந்து ஓரிரு மணித்தியாலத்தில் அவை குறைந்து, ஒரு நாளுக்குள் பழைய நிலைக்கு வருகின்றன. குறைந்தவை அழிந்துவிடவில்லை. அவற்றிற் பல சுவாசப்பை, குடல் போன்ற இடங்களுக்குக் காவலுக்குச் செல்கின்றன என்று இன்று விளக்குகின்றனர்.

சைற்றோமெகலோ வைரசைச் சுமப்போரில் இக்காவற்படையின் அமைப்பு வேறுபடுகிறது. உறங்கும் கிருமியை நெடுங்காலம் காத்துப் பழகிய கொல்லிக் கலங்கள் அதிகமாக வெளிவருகின்றன. புதிய எதிரியை முதலில் தாக்கும் இயற்கைக் கொல்லிக் கலங்களோ மற்றவர்களிலும் பார்க்கக் குறைவாகவே வெளிவருகின்றன. உடற்பயிற்சி செய்தோரின் குருதியைச் சோதித்து இது அறியப்பட்டுள்ளது.

அப்படியானால் உழைப்பது கூடாதா?

அப்படியல்ல. அளவான உழைப்பு நோயெதிர்ப்புச் சக்திக்கு நல்லது. ஓய்வற்ற உழைப்போடு பசி, நித்திரையின்மை, மனத்துயர் என்பனவும் சேரும்போதே காவல் தளர்கிறது. விண்வெளிக்குச் சென்ற திடகாத்திரமான அமெரிக்க வீரர்களின் உமிழ்நீரிற்கூட, விழித்தெழுந்த கொப்புளிப்பான் வைரசு காணப்பட்டது. ஆகவே இது பலவீனரின் நோய் என்று எவரும் வெட்கப்பட வேண்டியதில்லை. வீட்டையும் வயலையும் விட்டு வந்து, புதிய நிலத்தில் காடு வெட்டி மீண்டும் தொடங்கும் குடும்பங்கள் இதை மனதில் வைத்திருக்க வேண்டும்.

நாம் செய்யக்கூடியவை

1. பாரமான வேலையைப் பல நாட்களுக்குப் பகிர்ந்து, மாறி மாறிச் செய்யுங்கள். காய்ச்சலோடு மண்வெட்டி தூக்காதீர்கள்.

2. வெறும் வயிற்றோடு வேலைக்குப் போகாதீர்கள். பயறு, கீரை, முட்டை, மீன் என்பவற்றில் கிடைப்பதைத் தாய்மாருக்கும் பங்கிடுங்கள்.

3. ஒரு பக்கத்தில் மட்டும் எரிவு தோன்றினால், பாரம் தூக்கியதால் வந்த பிடிப்பு என்று விட்டுவிடாமல் கொப்புளம் எழுகிறதா என்று பாருங்கள். எழுந்தால் உடனே வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். அசைக்குளோவிர் குளிசையை 3 நாட்களுக்குள் தொடங்கினால் பலன் அதிகம். கண்ணருகே வந்தால் பார்வைக்கே ஆபத்து. ஒரு நாளும் தாமதிக்க வேண்டாம்.

4. கொப்புளங்களைத் துணியால் மூடுங்கள். சாணம், சுண்ணாம்பு பூசாதீர்கள். கொப்புளிப்பான் வராத கர்ப்பிணிகளும் குழந்தைகளும் கொப்புள நீரைத் தொட்டால் அவர்களுக்குக் கொப்புளிப்பான் வரலாம்.

எலியா தீர்க்கதரிசி களைத்துச் சூரைச்செடியின் கீழ் விழுந்து கிடந்தபோது, தேவதூதன் அவரை உடனே வேலைக்கு அனுப்பவில்லை. உண்ணவும் குடிக்கவும் கொடுத்தான், மறுபடியும் உறங்கவிட்டான். அதன் பின்னரே நெடும் பயணம் தொடங்கியது.

கலந்துரையாடலுக்கு

- எமது குடும்பத்தில் ஓய்வே இல்லாமல் உழைப்பவர் யார்? அவருடைய வேலையில் எதை நாம் பொறுப்பேற்கலாம்?
- ஒருவர் நோயுற்றால் அவரது தோட்டத்தைப் பார்க்க எமது சங்கம் என்ன ஒழுங்கு செய்யலாம்?