திறக்காத கோப்பு

நெகிரி செம்பிலான் மாநிலத்தின் ரந்தாவ், போர்ட்டிக்சன், பகாவ் வட்டாரங்களில் இரப்பர்த் தோட்டங்கள் நிறைந்திருந்த காலம் உண்டு. பின்னாளில் பல தோட்டங்களில் பால்மரங்கள் வெட்டப்பட்டுச் செம்பனை நடப்பட்டது. சிரம்பான் நகரம் விரிவடைந்தபோது வேறு சில தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாயின. லயங்களும் பிரட்டுக்களமும் மறைந்துவிட்ட இடங்களில், முதியோரின் நினைவுகளும் குடும்பத்தார் எடுத்துவைத்த காணொலிகளுமே அக்கால வாழ்க்கைக்குச் சான்றாக எஞ்சியுள்ளன.

படிவம் நான்கு மாணவி ஒருத்தி, தன் பாட்டியின் தோட்ட வாழ்க்கையை இடுபணிக்காகக் காணொலியாகத் தொகுக்கிறாள் என்று கொள்ளலாம். அவளிடம் மூன்று பதிவுகள் உள்ளன. விடியற்காலைப் பிரட்டைப் பற்றிப் பாட்டி பேசியதை மாமா தம் புதிய கைப்பேசியில் பதிவு செய்தார். அது முதலாவது. பால்வெட்டும் முறையைப் பாட்டி கையசைத்துக் காட்டியதை மாணவியே படம் பிடித்தாள். மின்னூட்டம் தீர்ந்ததால் கைப்பேசி பாதியிலேயே அணைந்துவிட்டது. அது இரண்டாவது. மூன்றாவது, தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழாவைக் காட்டும் பழைய வி.சி.டி. ஒளிவட்டு.

பள்ளிக் கணினிக்கூடத்தில் தொகுப்பு மென்பொருளைத் திறந்தால், மூன்றுக்கும் ஒரே விடைதான் வருகிறது: ‘கோப்பைத் திறக்க இயலவில்லை.’ கோப்பு கெட்டுவிட்டது என்று எண்ணிப் பலர் இந்த இடத்தில்தான் அதை அழித்துவிடுகின்றனர். ஆனால், செய்தி ஒன்றாக இருந்தாலும் காரணம் ஒன்றாக இருப்பதில்லை.

காணொலிக் கோப்பை ஓர் அடுக்குச் சோற்றுப் பாத்திரத்திற்கு ஒப்பிடலாம். எம்பி4, எம்ஓவி என்பன பாத்திரத்தின் பெயர்கள். உள்ளே ஓர் அடுக்கில் படமும் மற்றோர் அடுக்கில் ஒலியும் இருக்கின்றன. இவை அளவில் மிகப் பெரியவை என்பதால், கோடெக் எனப்படும் முறையால் சுருக்கி வைக்கப்படுகின்றன. 2003இல் வெளிவந்த எச்.264 என்னும் முறையைப் பெரும்பாலான மென்பொருள்கள் அறியும். 2013இல் வந்த எச்.265 அல்லது எச்.இ.வி.சி. முறை, ஏறக்குறைய அதே தரமுள்ள படத்தைப் பாதியளவு இடத்தில் அடக்கிவிடும். 2017 முதல் ஐபோன் கைப்பேசிகள் இம்முறையில் பதிவு செய்யத் தொடங்கின. பழைய கணினியில் இதனை விரித்துக் காட்டும் கருவி இல்லாமல் போகலாம். மாமாவின் பதிவு திறக்காததற்குக் காரணம் இதுவே. கோப்பின் பெயரில் உள்ள எம்ஓவி என்பதை எம்பி4 என மாற்றுவதால் பயனில்லை. பாத்திரத்தின் பெயரை மாற்றினால் உள்ளிருக்கும் சோறு மாறிவிடாது.

அப்படியானால், காரணத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? முதலில், மூலக் கோப்பைத் தொடாமல் ஒரு நகல் எடுத்துக்கொள்ள வேண்டும். எல்லாச் சோதனைகளையும் அந்த நகலில்தான் செய்ய வேண்டும். அடுத்து, கைப்பேசியில் உள்ள கோப்பின் அளவையும் கணினிக்கு வந்த கோப்பின் அளவையும் ஒப்பிட வேண்டும். அளவு குறைந்திருந்தால், கோப்பு முழுமையாக வந்து சேரவில்லை எனலாம். கம்பிவழி மீண்டும் நகலெடுத்தால் போதும். புலனத்தில் காணொலியாக அனுப்பினால் அது மேலும் சுருக்கப்பட்டுத் தரம் குறையும் என்பதையும் மறக்கக்கூடாது.

அளவு சரியாக இருந்தால், விஎல்சி என்னும் இலவச மென்பொருளில் கோப்பைத் திறந்து பார்க்கலாம். 1996இல் பிரான்சு நாட்டுப் பொறியியல் மாணவர்கள் தொடங்கிய திட்டத்திலிருந்து வளர்ந்த இது, பலவகைக் கோடெக்குகளைத் தன்னுள்ளேயே கொண்டது. அதில் படம் ஓடினால் கோப்பு நலமாக இருக்கிறது. தொகுப்பு மென்பொருளுக்குத்தான் அதன் முறை தெரியவில்லை. ஹேண்ட்பிரேக் போன்ற இலவச மென்பொருளால் அதனை எச்.264 முறைக்கு மாற்றிக்கொள்ளலாம். மாற்றும்போது, ஒரு வினாடிக்கான படங்களின் எண்ணிக்கை மாறாதிருக்குமாறு அமைத்துக்கொள்வது நல்லது. கைப்பேசிகள் இவ்வெண்ணிக்கையைக் கூட்டியும் குறைத்தும் பதிவு செய்வதால், தொகுக்கும்போது சில வேளைகளில் வாயசைவும் குரலும் பொருந்தாமல் போகின்றன.

திருவிழா ஒளிவட்டில் ‘டேட்’ என முடியும் பெயருடைய கோப்பு இருக்கும். அதனுள் இருப்பது எம்பெக்-1 என்னும் பழைய முறையில் சுருக்கப்பட்ட படம். ஒளிவட்டைத் துடைத்துக் கோப்பைக் கணினியில் நகலெடுத்தபின், அதனையும் அவ்வாறே மாற்றலாம். படம் சிறியதாகவும் சற்று மங்கலாகவும் இருக்கும்; என்றாலும், தேர் வந்த பாதையும் கூடி நின்ற முகங்களும் தெரியும்.

இரண்டாம் பதிவுதான் கடினமானது. எம்பி4 கோப்பில் எந்தப் படம் எங்கே உள்ளது என்பதைக் காட்டும் அட்டவணை ஒன்று உண்டு. பல கைப்பேசிகள் பதிவை நிறுத்தும்போதுதான் அதனை எழுதி முடிக்கின்றன. இடையில் கைப்பேசி அணைந்தால் படங்கள் இருக்கும், அட்டவணை இராது. அதனால் விஎல்சியாலும் அதைத் திறக்க முடியாமல் போகலாம். அதே கைப்பேசியில் அதே அமைப்பில் எடுத்த வேறொரு நல்ல காணொலியை முன்மாதிரியாகக் கொடுத்தால், பழுதுநீக்கும் மென்பொருள்கள் அட்டவணையை மீண்டும் உருவாக்க முயலும். எல்லா முறையும் இம்முயற்சி வெற்றி பெறுவதில்லை.

வெற்றி பெறாவிட்டால், மாணவிக்கு ஒரு வழி உண்டு. மின்னூட்டம் நிறைந்த கைப்பேசியுடன் பாட்டியிடம் மறுபடியும் சென்று, பால்வெட்டிக் காட்டச் சொல்லிக் கேட்கலாம். பாட்டி இருக்கும்வரைதான் அந்த வழி திறந்திருக்கும். ஆகவே, பதிவு செய்த அன்றே கோப்பைத் திறந்து பார்ப்பதும், கணினியில் ஒன்று, விரலியில் ஒன்று என வேறு வேறு இடங்களில் நகல் வைப்பதும் தேவையான பழக்கங்களாகும். கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்பர் பெரியோர். திரையில் தோன்றும் ஒரு வரிச் செய்திக்கும் அது பொருந்தும்.